மாப்பிள்ளையை நிராகரித்த நிரல்

மேடையில் நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், தங்களுக்குச் சிந்திக்கவும் தெரியும் என்று நம்பிவிடுகிறார்கள். சபையோர் அந்த நம்பிக்கையைக் கலைப்பதில்லை. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். என்னுடையதைக் கலைக்க ஒரு கணினி தேவைப்பட்டது. அதற்குக் கைகள் இல்லை.

இலங்கையில் போர் மீண்டும் மூண்டிருந்த காலம் அது. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்க்காமல் பேக்கரியில் பாண் வாங்கக்கூட யாரும் தெருவில் இறங்குவதில்லை. அலுவிகாரையில் எங்கள் வீடு. உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு மாத்தளை நகரில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்திருந்தேன். விவாத மேடைகளில் எதிரணித் தலைவர்களைக் கண்கலங்க வைத்தவன் நான். (ஒருவருக்கு அன்று கண்நோய் என்று பிறகு சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை.)

வகுப்பில் அப்போது நிபந்தனைக்குள் நிபந்தனை எழுதப் பழகிக்கொண்டிருந்தோம். ஒரு கேள்வி; அதற்கு விடை 'ஆம்' என்றால் அதற்குள் இன்னொரு கேள்வி; 'இல்லையேல்' வேறு வழி. வீட்டில் எடுக்கப்படும் ஏதாவதொரு தீர்மானத்தை இவ்வாறு கணினி நிரலாக எழுதிவரச் சொன்னார் ஆசிரியர்.

எங்கள் வீட்டில் அப்போது தீர்மானிக்கப்பட வேண்டியிருந்தது ஒன்றுதான்: அக்காவின் கல்யாணம். பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த அக்காவைப் பலர் வந்து பார்த்தார்கள். வடையின் ருசியைப் பாராட்டினார்கள். பிறகு தகவலே இல்லாமல் போனார்கள். இரத்தோட்டைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த அப்பா, ஒவ்வொரு ஞாயிறும் தம் நிபந்தனைகளை உரக்கச் சொல்வார். நிரந்தர வேலை வேண்டும். வேலை இருந்தால், மாத்தளை மாவட்டமா என்று பார்க்க வேண்டும். மாத்தளை என்றால் சம்மதம். வெளி மாவட்டம் என்றால் பெரியவர்கள் பேசிக்கொள்ளலாம். வேலையே இல்லையேல் வாசலோடு சரி.

நிரல் என்னைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டதாகக் கருதினேன்.

வகுப்புத் தோழன் ரிஸ்வான், தன் வாப்பாவின் கடையில் ஒதுக்கிவைத்திருந்த பழைய கணினியைப் பழகுவதற்காக எனக்கு இரவல் கொடுத்திருந்தான். நான் எழுதியதைப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான்.

"மச்சான், அடைப்புக்குறி போடு. இல்லாட்டி அந்த 'இல்லையேல்' பக்கத்துல இருக்கிற கேள்வியோட ஒட்டிக்கும். நீ அத வேலைக் கேள்விக்கு எழுதியிருக்க. அது மாவட்டக் கேள்விக்குப் போயிரும்."

"நண்பனே, வரிகளைக் கவனி. எந்த வரி எதற்கு உரியது என்று உள்தள்ளி, இடைவெளி விட்டு எழுதியிருக்கிறேன். பேச்சாளன் விடும் இடைவெளியே சபைக்குப் பொருளை உணர்த்திவிடும்."

"சபைக்கு உணர்த்தும்டா. இது சபையா?"

தகுதியற்ற எதிரணிக்குப் பதில் சொல்வதில்லை என்பது என் கொள்கை. வேலை உள்ள மாத்தளை மாப்பிள்ளை ஒருவரைக் கற்பனையாக உள்ளே அனுப்பிச் சோதித்தேன். 'சம்மதம்' என்று வந்தது. அத்துடன் எழுந்துவிட்டேன். விவாதத்துக்குத் தயாராகும்போதும் என் தரப்பை மட்டும் படித்துக்கொண்டு போவதே என் வழக்கம்.

அடுத்த ஞாயிறு வவுனியாவிலிருந்து ஒரு வரன் வந்தது. முன்பு இனக்கலவரத்தில் மலைநாட்டைவிட்டுப் போய் அங்கே குடியேறிய குடும்பம். மாப்பிள்ளைக்குத் தபால் கந்தோரில் வேலை. அன்று காலை அக்கா சாரிக்கு ஊசி குத்திக்கொண்டே சொன்னாள்: "அம்மா, இந்தத் தடவையும் ஆகலன்னா இனி யார் முன்னுக்கும் தட்டத் தூக்கிட்டு நிக்க மாட்டேன். எனக்கு அலுத்துப் போச்சு." அம்மாவுக்கும் அலுத்திருந்தது.

காலையில் வரவேண்டியவர்கள் பின்னேரம்தான் வந்தார்கள். மதவாச்சி இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கி ஏற்றிச் சோதித்து, பலாபத்வலயில் மறுபடியும் இறக்கினார்களாம். மாப்பிள்ளை, அவருடைய தாய், தாய்மாமா ஆகிய மூவரும் கதிரையில் அமர்ந்த விதத்திலேயே களைப்புத் தெரிந்தது. பேச்சு ஓடவில்லை. மௌனத்தை நிரப்ப நினைத்த அப்பா, "நம்ம தம்பி கம்ப்யூட்டர் படிக்கிறான்" என்றார்.

"அப்படியா? என்னா செய்யும் அது?" என்று கேட்டார் தாய்மாமா.

அந்த இடத்தில் அறிவுள்ளவன் சீட்டு விளையாட்டைக் காட்டியிருப்பான். நான் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "பெரியோர்களே, மனிதனின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டு ஒரு வரனின் தகுதியை நிறுவவல்ல கருவி இதோ" என்று தொடங்கினேன். அம்மா என் சட்டையை இழுத்தார். சட்டைதான் கசங்கியது, பேச்சு நிற்கவில்லை.

மாப்பிள்ளை நல்ல மனிதர். வந்து கணினிக்கு முன்னால் அமர்ந்தார். நிரந்தர வேலை உண்டா என்றது திரை. 'ஆம்' என்று அழுத்தினார். மாத்தளை மாவட்டமா என்றது. அவர் சிரித்தார்.

"தம்பி, இதையேதான் ரெண்டு எடத்துல கேட்டுட்டு விட்டாங்க."

'இல்லை' என்று அழுத்தினார். நான் நினைத்து எழுதியபடி கணினி இப்போது வாய்மூடி, பெரியவர்களைப் பேச விட்டிருக்க வேண்டும். ஆனால் ரிஸ்வான் சொன்னபடி, வேலையில்லாதவருக்காக வைத்திருந்த 'இல்லையேல்' மாவட்டக் கேள்வியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. திரை நிறைய எழுத்துகள் விழுந்தன. அதில் தமிழ் எழுத்துரு இல்லாததால், என் செந்தமிழை ஆங்கில எழுத்துகளில் அடித்திருந்தேன். பாவம், அவர் அதை எழுத்துக் கூட்டி, வீட்டில் உள்ள அனைவருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"மதிப்புக்குரிய ஐயா... தங்கள் தகுதியின்மையை... இச்சபை வருத்தத்துடன் உறுதிசெய்கிறது. தாங்கள் வந்த வழி... தங்களுக்காகத் திறந்தே இருக்கிறது."

மாப்பிள்ளையின் தாய் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அப்பாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. நிலைமையைச் சமாளிக்க நினைத்த தாய்மாமா, "சரி, என்னையும் கேக்கச் சொல்லுங்க தம்பி" என்று வந்து உட்கார்ந்தார். அவர் கடையை மூடிவிட்டுச் சும்மா இருப்பவர். நிரந்தர வேலை உண்டா? 'இல்லை.'

கணினி ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு சிறு கோடு மட்டும் மின்னி மின்னி மறைந்தது.

"என்னாங்க, எனக்கு ஒண்ணும் சொல்லல?"

"அவருக்கு வேலை இருக்கு, போகச் சொல்லுது. இவருக்கு இல்ல, இருக்கச் சொல்லுது" என்றார் அப்பா மெதுவாக. அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "இதத்தான் நீ படிச்சியா?"

நான் விளக்கத் தொடங்கினேன். அடைப்புக்குறி, இடைவெளி, 'இல்லையேல்' யாருக்குச் சொந்தம் என்பது பற்றியெல்லாம் மேடைக் குரலில் சொன்னேன். மாப்பிள்ளையின் தாய் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். மாப்பிள்ளை மட்டும் எழும்பவில்லை. பெருமூச்சு விட்டபடி சொன்னார்:

"மதவாச்சியில கூட இவ்ளோ மரியாதையா வேணாம்னு சொல்லல, தம்பி."

திரைச்சீலைக்குப் பின்னால் அக்கா சிரித்தாள். அடக்கிப் பார்த்து, முடியாமல், பலகாரத் தட்டு நடுங்கச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரிப்பைக் கேட்டு வெகுநாளாகியிருந்தது. அவள் அப்படியே வெளியே வந்து, தலை குனியாமல் அவரைப் பார்த்து, "அவனோட மிஷின விடுங்க. நீங்க வவுனியாவுலயேதான் இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

"மாத்தளைக்கு இடமாற்றம் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். அதச் சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள தம்பி தீர்ப்புச் சொல்லிட்டார்."

தாயார் மறுபடி உட்கார்ந்தார். அம்மா புதிதாகத் தேநீர் போட்டார். என்னைப் பின்வளவுக்குப் போய் விறகு பிளக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு, இருந்தும் பிளந்தேன்.

கல்யாணம் நடந்தது. மாற்றம் தாமதமாகத்தான் கிடைத்தது. அதுவரை அக்கா வவுனியாவில் இருந்தாள். வாழ்த்துரை வழங்க நான் எழுந்தபோது, ஒலிவாங்கியை அத்தான் தாமே வந்து வாங்கிக்கொண்டார். நிரலை அடைப்புக்குறியோடு திருத்தி எழுதி, அடுத்த வாரமே வகுப்பில் புள்ளியும் பெற்றேன். குடும்பத்தில் யாரும் அதைப் பார்க்க விரும்பவில்லை.

அத்தானின் தாய்மாமா இன்றும் வேலைக்குப் போகவில்லை. யாராவது கேட்டால், நம் வம்சத்தில் கம்ப்யூட்டர் குறை சொல்லாத ஒரே ஆள் தாம்தான் என்று நெஞ்சை நிமிர்த்துகிறார். ஒவ்வொரு விசேஷத்திலும் எல்லோரும் கைதட்டுகிறார்கள். மறுத்துப் பேச என்னிடம் நல்ல வாதங்கள் உண்டு. ஆனால் என்னை யாரும் பேச விடுவதில்லை.