வண்டி மட்டும் சுகமாக இல்லை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. பொறுமை இருப்பதாக நம்பித்தான் எழுதுகிறேன். நானும் உங்கள் அத்தையும் இங்கு சுகம். நீங்களும் என் மகளும் புது ஊரில் சுகமாக இருப்பீர்கள். எங்கள் வீட்டில் நீங்கள் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் மட்டும் சுகமாக இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் மகள் உடனே ஸ்பீக்கரில் போட்டு, நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் "அப்பா, என்ன பண்ணித் தொலைச்சீங்க?" என்பாள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை பாருங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்மேல் இல்லை. கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து, "மாமா, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். தினமும் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க, இல்லன்னா பாட்டரி போயிடும்" என்றீர்கள். இந்த வீட்டில் அடுப்பில் இருக்கும் பாலைக்கூட என்னை நம்பி யாரும் விட்டதில்லை. சாவியைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். போய்விடும் என்று நீங்கள் பயந்தது பாட்டரிக்கு, எஞ்சினுக்கு இல்லை. பின்னே எஞ்சினை எதற்கு ஓடவிட்டு உங்கள் பெட்ரோலைக் கரைக்க வேண்டும்? பாட்டரியில் எரிவது விளக்கு, அதை எரியவிட்டால் பாட்டரிக்கு வேலை கொடுத்த மாதிரி ஆச்சு. சும்மா கிடந்தால் எனக்கே முழங்கால் பிடித்துக்கொள்கிறது, அதற்குப் பிடிக்காதா? ஆகவே தினமும் காலையில் குளித்து, பேண்ட் சட்டை மாட்டி, சட்டையை உள்ளே விட்டு பெல்ட்டும் போட்டு, கீழே போய் வண்டிமேல் ஏறி உட்காருவேன். சாவியைத் திருப்பி, முன்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எரியவிட்டு, பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டுத்தான் அணைப்பேன். பழைய வண்டி, எஞ்சின் ஓடாமலே விளக்கு எரியும், அது ஒரு வசதி. மழை நாளில்கூட ஒரு நாள் தவறவில்லை. உங்கள் பெட்ரோலில் ஒரு சொட்டுக் குறையவில்லை.

இவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட பாட்டரி எப்படிப் போகும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. போன வாரம் விளக்கு மஞ்சளாச்சு, அப்புறம் சிவப்பாச்சு. ஹாரனை அழுத்தினால் சளி பிடித்த ஆடு மாதிரி ஒரு சத்தம். ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று முதல்முறையாக ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினேன், உள்ளே 'டக்' என்றது, அவ்வளவுதான். மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பாட்டரி டவுன் சார்" என்றார். "உங்க வீட்டுல பாட்டரிய தினமும் யாராவது கவனிக்கிறீங்களா? நான் கவனிக்கிறேன், அது டவுன் ஆகாது" என்றேன். மனுஷன் உள்ளே போய்விட்டார்.

அதற்குள் உங்கள் அத்தை தன் தம்பியை, அதான் நம் நிபுணரை, வரவழைத்துவிட்டாள். அவன் வராமல் இருந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். "பிளக்குல கரி, மாமா" என்று அதைக் கழற்றி, என் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டினான். அப்புறம் "பெட்ரோல் அடைப்பு" என்று வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தான். அது சாய்ந்த வேகத்தில் பூந்தொட்டிமேல் போய் விழுந்தது, தொட்டி போச்சு, வண்டிக்கு ஒன்றுமில்லை, வலது பக்கக் கண்ணாடி மட்டும் இல்லை. கிக்கரை உதைத்தான், அது அவனைத் திருப்பி உதைத்தது. கடைசியில் "தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம்" என்றான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது உங்களுக்கே தெரியும். "கனமான ஆளு தள்ளணும், ஒல்லியான ஆளு உக்காரணும், அதான் முறை" என்று என்னை ஏற்றிவிட்டு, கோபித்துக்கொண்டு போன மாடி வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, தெருக்கோடிவரை தள்ளினார்கள். "கிளட்ச்ச விடுங்க" என்றான், விட்டேன், வண்டி நின்றுவிட்டது, பின்னால் வந்த இரண்டு பேரும் என் முதுகில் மோதினார்கள். சாவி எங்கே என்று பார்த்தால் என் சட்டைப் பையில். மறுபடி சாவியைப் போட்டுத் தள்ளினார்கள். மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை, இந்த முறை எஞ்சின் ஓடியது! ஐயோ, என்ன சத்தம்! வண்டி என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. நான் பதறிப்போய் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டேன். மூச்சு வாங்க ஓடி வந்த நிபுணன் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் பாட்டரியைக் கழற்றினோம். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, திரும்ப வைக்கும்போது சிவப்பு ஒயர் எங்கே, கறுப்பு ஒயர் எங்கே என்று இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை. "சிவப்புன்னா ஆபத்து, அப்ப அதான் மைனஸ்" என்றான் நிபுணன். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 'பட்' என்று ஒரு பொறி பறந்தது. அதன்பிறகு 'டக்' சத்தமும் இல்லை.

கடைசியில் மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். வந்ததும் "ஃபியூஸ் போயிருக்கு, அது சின்ன வேல. பாட்டரில சொட்டு சார்ஜ் இல்லையே சார், யாராவது லைட்ட மறந்து போட்டு விட்டுட்டீங்களா?" என்றான். "மறந்தெல்லாம் போடலப்பா, ஞாபகமாத்தான் தினமும் போடுறேன்" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். வாய் திறந்தவன், வாசலில் நின்ற உங்கள் அத்தையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஏன் என்று புரியவில்லை. "சார்ஜ் ஏத்திட்டு வரேன்" என்று பாட்டரியை எடுத்துப் போயிருக்கிறான். கம்பெனி கொடுத்த பாட்டரியே மட்டம் என்று நினைக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் நீங்கள் வரும்போது, வண்டியை உங்கள் அண்ணன் வீட்டுக்கு மாற்றிவிடலாமா என்று யோசிப்பதாக மகள் சொன்னாள். வேண்டாம் மாப்பிள்ளை. உங்கள் அண்ணனுக்கு ஆயிரம் வேலை, பாட்டரியைத் தினமும் பார்க்க அவருக்கு நேரம் ஏது? எனக்கு வேறு என்ன இருக்கிறது சொல்லுங்கள். கண்ணாடி மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். என்னை நம்பிக் கொடுத்ததை என் கையிலிருந்து வாங்கிவிடாதீர்கள்.

இருவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் ஆசிகள். மகளிடம் கண்ணாடி விஷயம் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: பாட்டரி வந்துவிட்டது! பொத்தானைத் தொட்டதும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது! மெக்கானிக்கே அணைத்துக் கொடுத்தான். ஆக, நான் கொடுத்த பயிற்சி போதவில்லை என்பதுதான் காரணம். இனிமேல் காலை மட்டுமில்லை, மாலையும் விளக்கு எரியும். கவலையை விடுங்கள்.

மாப்பிள்ளை, நான் அத்தை எழுதுறேன். கடிதத்த ஒட்டக் குடுத்தாரு, படிச்சிட்டேன். அந்த மெக்கானிக் என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியும், நான்தான் தலைய ஆட்டி வேணாம்னுட்டேன். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் மனுஷன் சாயங்காலம்வரைக்கும் லுங்கியோட மூலையில கிடந்தாரு. வண்டி வந்த நாள்லேர்ந்துதான் குளிச்சி, பெல்ட்டு போட்டு, ஆபீசுக்குக் கிளம்புற மாதிரி கீழ எறங்குறாரு. அதனால வரும்போது வண்டிய எடுத்துட்டுப் போயிடாதீங்க. பாட்டரிய மட்டும் கழட்டிட்டுப் போங்க. ஏன்னு கேட்டா, தினமும் ஒக்காந்து பாக்க ஆளு இருக்குற வண்டிக்கு பாட்டரி எதுக்கு மாமான்னு சொல்லிடுங்க. நம்பிடுவாரு.