அணில் தொட்டில்

“அசையாம நில்லுங்க! முள்ளு ஆடுது.”

“நான் ஆடல. பெட்டி ஆடுது.”

மாடிவீட்டு நர்ஸம்மாவிடம் இரவல் வாங்கிய எடை மெஷின் மேல், பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார் தச்சர். மனைவி தரையில் கன்னம் படாத குறையாகக் குனிந்து முள்ளைப் படித்தாள். பெட்டியை மட்டும் வைத்தால் அது முள்ளை மறைத்துவிடுகிறது. அதனால்தான் இந்த ஏற்பாடு: மொத்தத்தில் தச்சரைக் கழித்தால் மிச்சம் பெட்டி. தச்சரின் எடையைக் காலையில் குளித்த கையோடு பார்த்து, சுவரில் பென்சிலால் எழுதியும் வைத்தாயிற்று.

“நாலு கிலோ கூட இருக்குங்க. விமானத்துல ஏத்தமாட்டாங்க. அந்தத் தொட்டிலை விட்டுட்டு வாங்களேன்.”

“நீ வேணா இரு. தொட்டில் வரும்.”

கடல் தாண்டிய ஊரில் மகளுக்கு நிறைமாதம். “தொட்டில் இங்கயே கிடைக்கும்பா, நீங்க சும்மா வாங்க” என்று அவள் போனில் சொன்னதுதான் வினையாகிப் போயிற்று. தச்சருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. என் பேரப்பிள்ளை கடைத் தொட்டிலில் படுப்பதா? ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கட்டை கட்டையாகக் கழற்றிப் பெட்டிக்குள் அடுக்கலாம், அங்கே போய்ப் பூட்டிக்கொள்ளலாம். தலைமாட்டுப் பலகையில் ஓர் அணில். அதன் முகம் எப்படியோ மனைவியின் சாயலில் அமைந்துவிட்டது. அதை இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

மாலையில் கார் வந்துவிடும். மாற்றுத்துணியில் பாதியை ஏற்கெனவே வெளியே எடுத்துப் போட்டாயிற்று.

“காலு நாலும் தடியா இருக்கு. கொஞ்சம் இழைச்சாப் போதும்,” என்றார் தச்சர். கொல்லையிலிருந்து இழைப்புளியை எடுத்து வந்தார். சரக் சரக்கென்று சுருள் சுருளாக மரம் உதிர்ந்தது. வேலை முடிந்ததும் இழைப்புளியை இடுப்புத் தோல்பையில் செருகிக்கொண்டு, கால்களைப் பெட்டிக்குள் வைத்து மூடி, தூக்கிக்கொண்டு ஏறி நின்றார்.

மனைவி முள்ளைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“ஏறிடுச்சுங்க.”

“எது?”

“எடை. அரைக் கிலோ ஏறிடுச்சு.”

“கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.”

“போட்டுக்கிட்டுத்தான் பார்த்தேன். நீங்க இழைச்சீங்களா, இல்ல தண்ணி ஊத்தி வளர்த்தீங்களா?”

தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்து டிரில்லை எடுத்தார். பக்கப் பலகைகளில் வரிசையாக ஓட்டை போட்டார். காற்றும் வரும், கனமும் குறையும். டிரில்லும் இடுப்புக்குப் போயிற்று. தச்சர் பெட்டியோடு மெஷினில் ஏறினார்.

“இன்னும் ஒரு கிலோ ஏறிடுச்சு,” என்றாள் மனைவி, பயந்துபோன குரலில்.

“நீதான் எனக்குத் தெரியாம எதையோ உள்ள திணிக்கிற.”

“எங்க திணிக்கிறது? உங்க பலகைக்கு நடுவுல என் சீப்புக்கே இடமில்ல!”

பஞ்சாயத்துக்கு மாடியிலிருந்து நர்ஸம்மா இறங்கி வந்தார்.

“என் மெஷின் பொய் சொல்லாது. எதுக்கும் உங்க எடையை இன்னொரு தடவை பாருங்களேன்.”

“காலையிலதானேம்மா பார்த்தேன்! இவ இன்னும் அடுப்பே பத்த வைக்கல. அதுக்குள்ள நான் எதைத் தின்னு ஊதிட்டேன்?”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது நர்ஸம்மாவுக்கு. வந்த வழியே மாடியேறிப் போனார்.

தச்சர் விடவில்லை. அரம் வந்தது, உளி வந்தது, பெரிய சுத்தியலும் வந்தது. கால்கள் பென்சிலாயின. சட்டங்கள் பாதியாயின. தொட்டில் இளைக்க இளைக்க, முள் மட்டும் பிடிவாதமாக மேலே மேலே போயிற்று. மரச்சுருளைப் பெருக்கிக் குவித்த மனைவி, “இதுல ஒரு பூனைக்குட்டி படுக்கலாம்ங்க, அதுவும் புரளாமப் படுத்தா” என்று சொல்ல வந்து, அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடி பெருக்கத் தொடங்கினாள்.

வாசலில் கார் ஹாரன் அடித்தது. டிரைவர் உள்ளே வந்தார். ஒற்றைக் கையால் பெட்டியைத் தூக்கியவர் தடுமாறிப் போனார்.

“என்னக்கா, காலிப் பெட்டியா?”

“வைப்பா கீழ!” என்று சீறினார் தச்சர். “அது இன்னும் எட்டு கிலோ கூட இருக்கு.”

பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த ஒரே முழுப் பலகையை உருவினார். அணில் பலகை. முட்டிக்கால் போட்டு உட்கார்ந்து, அணிலின் கழுத்தில் ரம்பத்தை வைத்தார்.

“வேண்டாங்க,” என்றாள் மனைவி. தன் கைப்பையை எடுத்து ஓரமாக வைத்தாள். “என்னை விட்டுட்டுப் போங்க. அதை அறுக்காதீங்க.”

தச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். “குழந்தைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். வாலாவது போய்ச் சேரட்டும்.”

டிரைவர் அந்த எடை மெஷினைப் பார்த்தார். சுவரில் இருந்த பென்சில் எழுத்தைப் பார்த்தார். பிறகு, உட்கார்ந்த இடத்தில் தச்சரின் இடுப்பிலிருந்து தரை வரை தொங்கிய தோல்பையை மெதுவாகத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏண்ணே, இந்த இரும்புக் கடையும் வெளிநாட்டுக்கு வருதா, இல்ல எடை பார்க்க மட்டும்தானா?”