அரைப்பக்க நானா

பிள்ளை வளர்ப்பைப் பற்றி அரைப்பக்க நானாவைப் போலப் படித்த மனிதர் பதுளை மாவட்டத்திலேயே கிடையாது. எந்த அறிவுரையையும் கடைசி வரை படித்து முடிக்காதவரும் அவரைத் தவிர வேறொருவர் இருக்க முடியாது.

பதுளைக் கடைவீதியில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை. நானா என்றால் அண்ணன்; முஸ்லிம் கடைக்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். பருப்பு, மிளகாய், கருவாடு எல்லாவற்றையும் பழைய பத்திரிகைத் தாளில்தான் சுற்றித் தருவார். தாள்கள் கட்டுக் கட்டாக, பாதிப் பாதியாக வெட்டப்பட்டே கடைக்கு வரும். மூத்த மூன்று பையன்களும் தாமாகவே வளர்ந்துவிட்டார்களாம். நாலாவதையாவது ஒழுங்காகப் படித்து வளர்க்க வேண்டும் என்று நானா ஒரு விரதம் எடுத்திருந்தார். தினமும் பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஒரு தாளாவது படிக்காமல் கடையைச் சாத்துவதில்லை.

படிப்பது சத்தமாக. அதுவும் நாம் பருப்புக்கு நிற்கும்போது.

"கேளுங்க தங்கச்சி, நல்ல விசயம் ஒண்டு. 'குழந்தை முதன்முறையாகப் பொய் சொன்னால், பெற்றோர் உடனே...'"

தாள் அங்கே முடிந்திருக்கும். நானா திருப்பிப் பார்ப்பார். பின்பக்கம் சோப்பு விளம்பரம். உடனே உள்ளங்கையை வானத்தைப் பார்த்து விரித்து, நீதிமன்றத்தில் கேட்பதுபோல் கேட்பார்: "மிச்சம் எங்க?"

பதில் வராது. அந்தத் தாளிலேயே பருப்பும் வந்துவிடும்.

ஒரு நாள் அவருடைய சின்ன மகன் சீனி டப்பாவில் கைவிட்டுவிட்டு இல்லையென்று சாதித்தான். நானா பாய்ந்து எழுந்து அவன் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன வாப்பா?" என்றான் அவன்.

"உடனே ஏதோ செய்யணும்டா. என்னெண்டுதான் தெரியல்ல. நீ போய்ட்டுப் பெறகு வா."

நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் இல்லை. என் மகள் சுமதிக்கு இரண்டு வயது கடந்திருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா என்றுகூட இல்லை. காது நன்றாகக் கேட்கிறது, பிள்ளை நன்றாயிருக்கிறது, பொறுத்திருங்கள் என்றார் டாக்டர். பக்கத்து வீட்டுக் கங்காணி மனைவி, "வசம்பச் சுட்டு நாக்குல தடவுங்கம்மா, பொளந்து கட்டும்" என்றார். அதையும் செய்து பார்த்தேன். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க்காக இருந்த என் கணவர், "பேசும்னா பேசும். அதுக்கும் சேத்து நீதான் பேசிக்கிட்டு இருக்கியே, அதுக்கு எங்க சந்து கெடைக்கும்?" என்றார். வேடிக்கைக்குத்தான் சொன்னார். நான் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்.எஸ்.சி. வரை படித்தவள் நான். படித்தால் தெரியாதது உண்டா என்று நம்புகிறவள். ஆனால் பிள்ளை வளர்ப்புப் புத்தகத்துக்கு நான் எங்கே போவேன்? நானா கடைக்குத்தான் போனேன். வாரத்துக்கு ஒரு முறை வாங்கினால் போதுமான சாமான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, சுமதியை இடுப்பில் வைத்துக்கொண்டு அடிக்கடி பஸ் ஏறினேன். அவளும் நானாவின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பேசாத புள்ளைக்கு ஒண்ணும் ஆம்புடலியா நானா?"

"தேடித் தாரேன் தங்கச்சி. இந்தக் கட்டுக்குள்ள எங்கயோ ஈக்கும்."

தேடி எடுத்தும் விட்டார். ஒரு நாள் தூரத்தில் என்னைக் கண்டதுமே தாளை ஆட்டினார். தலைப்புப் பகுதி இல்லை. ஆனால் என்ன அருமையான விஷயம்! 'அடிக்கடி கையில் எடுக்கக் கூடாது. காலை வெயில் நன்றாகப் பட வேண்டும். அருகில் சத்தம் போட்டால் மிரண்டுவிடும். அமைதி மிக அவசியம். இடம் மாற்றினால் சில நாள் சோர்ந்திருக்கும், கலங்க வேண்டாம். இவ்வாறு கவனித்தால் சில மாதங்களில் தானாகவே...'

"மிச்சம் எங்க?" என்றார் நானா. பிறகு அவரே, "பேசும்! வேற என்ன ஈக்கும்?" என்றார்.

எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பேச்சு நின்றது. காலையில் சுமதியை வெயிலில் உட்கார வைத்துவிட்டு எட்டி நின்றேன். அவள் கையை நீட்டியபோது தூக்காமல் இருந்தேன். அது சரிதானா என்று சமையலறையில் நின்று அழுதேன். கணவர் தேநீர் வேண்டுமென்றால் பெருவிரலை வாய்க்கு நேரே காட்டினார். அதைப் பார்த்துவிட்டுக் கங்காணி மனைவி, "ஐயா குடிக்க ஆரம்பிச்சிட்டாரா?" என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

வார முடிவில் கணவர் நானா கடைக் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். தாளைப் படித்தார். அப்போதும் வாய் திறக்காமல், மரியாதையாக என்னிடம் நீட்டினார்.

'...முட்டையிடத் தொடங்கும்.'

மேலே கோழிக்கூண்டின் படமும் இருந்தது.

அடுத்த பஸ்ஸில் நான் பதுளையில் நின்றேன். பேசாத பிள்ளையை ஒரு வாரம் பேச்சே கேட்காமல் வைத்துவிட்டேனே! சுமதியை இறுக்கி அணைத்துக்கொண்டு, கருவாடு மணக்கும் தாளை நானாவின் முன்னால் வைத்தேன். படித்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"அல்லாவே! நானும் சின்னவன வெயில்ல வெச்சேனே தங்கச்சி! இன்னைக்கும் வெச்சிட்டுத்தானே வந்தேன்!"

திட்ட வந்தவளுக்குத் திட்டு வரவில்லை. நானாதான் முதலில் தேறினார். கட்டைக் கிளறி ஒரு தாளை உருவினார். "இதுல புள்ளையோட படமே ஈக்கி. இது கோழி இல்ல. கேளுங்க. 'ஒரு குழந்தைக்குப் பெற்றோர் தரக்கூடியவற்றுள் மிக முக்கியமானது...'"

தாள் முடிந்திருந்தது.

இந்த முறை நானா எதுவும் கேட்காமல் தாளைக் கீழே வைத்தார்.

என் இடுப்பிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது. உள்ளங்கை வானத்தைப் பார்த்து விரிந்தது.

"மிச்சம் எங்க?" என்றாள் சுமதி.

நானா தராசைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் சிரித்தேனா அழுதேனா, நினைவில்லை. அம்மா என்ற சொல் வருவதற்கு இன்னும் சில வாரம் ஆனது.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். தூக்கத்தில் மட்டும்தான் வாய் ஓய்கிறது. அவளைப் பேச வைத்தது வெயிலா, வசம்பா, நானாவா, அந்த ஒரு வார அமைதியா என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மிக முக்கியமானது எது என்றும் தெரியவில்லை, தெரியாமலேதான் வளர்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாளை மட்டும் நானா எதற்கும் சுற்றிக் கொடுக்கவில்லை. கல்லாவுக்கு மேல் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம், பொட்டலம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "கெடைக்கும் தங்கச்சி" என்கிறார். நானும் பருப்புக்கு அவசரப்படுத்துவதில்லை.