இருசப்பனுக்கு வேலை கொடுத்த கம்பெனி

ஒரே மாதத்தில் இருபது புதுக் கஸ்டமர்களைப் பிடித்துவிடுவது. இருசப்பன் இந்த முடிவுக்கு வந்தபோது காலை ஏழரை மணி. கையில் கோப்பி. வெளியே கொட்டும் மழை. மேசைமேல் ஃபோன், ஊமை மாதிரி.

புக்கிட் ரோத்தானில் பதினாறு வருஷமாகக் கூரை வேலை செய்கிறவர் இருசப்பன். ஜிங்க் தகரமோ ஓடோ, எதுவானாலும் ஏறிவிடுவார். ஒரு லோரி, மூன்று ஆட்கள். தான் போட்ட கூரையில் ஒரு சொட்டு இறங்காது என்பார். அதை ஊரில் யாரும் மறுத்ததில்லை. மறுக்காத அதே ஊர்தான் நாற்பது நாளாக அவரைக் கூப்பிடவும் இல்லை.

"நாட்ல ஒழுக்கமே போச்சு ரூபி," என்றார் மனைவியிடம். "இவ்வளவு மழை பேயுது. ஒரு வீடாவது ஒழுகுதா பாரு."

"ஒழுகுது," என்றாள் ரூபினி, தோசையைத் திருப்பிக்கொண்டே. "உங்களைக் கூப்பிடல, அவ்வளவுதான்."

"ஏன் கூப்பிடல?"

"ரெண்டு மாசம் முன்னால ஜெராம்லேர்ந்து ஒரு டீச்சர் மூணு தடவை கூப்பிட்டாங்க. திருப்பிக் கூப்பிட்டீங்களா?"

"வேணும்னா நாலாவது தடவை கூப்பிடுவாங்க."

"எட்டு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் பதினொண்ணுக்குப் போறீங்க. சிந்துன ஆணியைப் பொறுக்குறதில்ல. போன வீட்ல எல்லாம் 'எந்த மடையன் இந்தக் கூரையைப் போட்டான்'னு கேக்கறீங்க. அந்த மடையன் அவங்க மச்சானா இருக்கான்."

இருசப்பன் கையை உயர்த்தினார். "கூரைக்குக் கீழ நீ. கூரைக்கு மேல நான். அதுல மாத்தம் இல்ல."

ரூபினி கோலசிலாங்கூர் டவுனில் ஒரு கிளினிக்கில் பன்னிரண்டு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவள். டாக்டர் வயதாகி ஓய்வு எடுத்துக்கொள்ளவும் கிளினிக்கை மூடிவிட்டார்கள். ஒன்பது மாதமாக வீட்டில்தான் இருக்கிறாள். அவள் வீட்டில் இருப்பது இருசப்பனுக்கு வசதி. வீட்டில் இருந்துகொண்டு யோசிப்பதுதான் அசௌகரியம்.

இருபது கஸ்டமர் திட்டம் மறுநாளே தொடங்கியது. இரண்டாயிரம் நோட்டீஸ் அச்சடித்தார். கூரை உச்சியில் கறுப்புக் கண்ணாடியோடு கைகட்டி நிற்கும் அவர் படம். கீழே மூன்று மொழியில், "ஒழுகுதா? உடனே இருசப்பன்."

தஞ்சோங் காராங் சந்தையில் நின்று விநியோகித்தார். கடலைக்காரர் ஒருவர் மட்டும் மிகுந்த மரியாதையோடு இருநூறு தாள் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் தஞ்சோங் காராங் ஜனங்கள் பாதிப் பேர் இருசப்பன் முகத்தில் வைத்துக் கடலை தின்றார்கள்.

"பேரு பரவுது," என்றார் இருசப்பன்.

"ஆமா, மூக்குல எண்ணெயோட," என்றாள் ரூபினி.

அடுத்து நேரடித் தாக்குதல். லோரியில் ஈஜோக் பக்கம் போய்க் கூரைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு வீட்டு வாசலில் பெரியவர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, உங்க கூரை இன்னும் ஒரு மாசம் தாங்காது," என்றார் இருசப்பன், லோரியை விட்டு இறங்காமலே.

"நானே ஒரு மாசம் தாங்குவேனான்னு டாக்டர் சொல்லல," என்றார் பெரியவர். "கூரை முந்திக்கிட்டா உங்களைக் கூப்பிடறேன் தம்பி."

மாதம் முடிந்தது. மீன் மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டு ஒரு ராங் நம்பர் வந்தது. அது ஒன்றுதான் வரவு. வேலையாட்களில் மூத்தவர் தேவதாஸ் தலையைச் சொறிந்துகொண்டு முதலாளி முன்னால் வந்து நின்றார். "பூஞ்சாக் ஆலாம்ல ஒரு கம்பெனி கூப்பிடுது தவுக்கே. இன்னும் ரெண்டு வாரம் பாக்கறேன். அப்புறம் என் மேல வருத்தப்படக் கூடாது."

அன்று இருசப்பனுக்கு இரண்டாவது தோசை இறங்கவில்லை. தேவதாஸ் போனால் மற்ற இருவரும் போவார்கள். அப்புறம் மிஞ்சுவது லோரியும் நோட்டீசும்தான். ரூபினி அவர் தட்டைப் பார்த்தாள். ஃபோனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அந்த வாரம் முழுக்க ஃபோனும் கையுமாகவே இருந்தாள்.

"யாரோட இவ்வளவு பேச்சு?" என்றார் இருசப்பன்.

"கிளினிக்குக்கு வந்தவங்கதான். சளி, காய்ச்சல் எப்படி இருக்குன்னு விசாரிக்கறேன்."

"நல்ல பொழுதுபோக்கு," என்று முணுமுணுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அந்த அழைப்பு வந்தது. சுத்தமான பெண் குரல்.

"குட் மார்னிங். மிஸ்டர் இருசப்பனா? நான் ஷஃபீகா. சுங்கை பெசார், கெலிப்-கெலிப் ரூஃபிங் ஆஃபீஸ்லேர்ந்து பேசறேன்."

மிஸ்டர் என்று அவரை இதுவரை அழைத்தது அபராதக் கடிதங்கள் மட்டுமே. இருசப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்ககிட்ட கஸ்டமர் நிறைய இருக்காங்க. செய்யத்தான் ஆள் இல்ல. உங்க கைவேலை சுத்தம்னு எங்க தவுக்கே சொன்னாங்க. உங்களைத்தான் பிடிக்கணும்னு பிடிவாதமா இருக்காங்க."

"யாரு உங்க தவுக்கே?"

"அவங்க அவ்வளவா வெளிய தெரிய மாட்டாங்க, மிஸ்டர் இருசப்பன்."

ஃபோனை வைத்ததும் இருசப்பன் சமையலறைக்கு நடந்து வந்த நடையே வேறு. "கெலிப்-கெலிப், மின்மினிப் பூச்சின்னு ஒரு கம்பெனி ரூபி. பேரைப் பாரு. ஆனா ஆளை எடை போடத் தெரிஞ்ச கம்பெனி. என் காலைப் பிடிக்காத குறைதான்."

"அப்படிங்களா," என்றாள் ரூபினி. "காலைக் கழுவிட்டுப் போங்க."

கம்பெனி வேலையோடு கட்டளைகளும் அனுப்பியது. எட்டு மணி என்றால் எட்டு மணி. காலர் வைத்த சட்டை. வேலை முடிந்ததும் கம்பில் கட்டிய காந்தத்தால் முற்றத்தைத் தடவி ஆணி எடுக்க வேண்டும். கஸ்டமர் கூப்பிட்டால் பத்து நிமிஷத்துக்குள் திருப்பிக் கூப்பிட வேண்டும். முன்பு கூரை போட்டவரைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது.

இருசப்பன் எல்லாவற்றையும் செய்தார். பெரிய கம்பெனி அல்லவா? பாசிர் பெனம்பாங்கில் உப்புக்காற்று தின்ற மீன் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டபோது ஏழு ஐம்பதுக்கே போய் வாசலில் நின்றார். பழைய தகரத்தைக் கோணலாக அடித்தவனைப் பற்றி நாக்கு நுனிவரை வந்ததை எச்சிலோடு விழுங்கினார். கொட்டகைக்காரர் ஒரு பை நிறைய மீன் கொடுத்து அனுப்பினார்.

"தொழில்ல ஒரு ஒழுங்கு வேணும் ரூபி," என்றார் அன்றிரவு, மீன் குழம்பைப் பிசைந்தபடி. "நேரத்துக்குப் போகணும். ஆணியைப் பொறுக்கணும். வாயை அடக்கணும். இதெல்லாம் யாரும் சொல்லித் தராத ரகசியம்."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"அனுபவம்."

ரூபினிக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்து அடக்கினாள்.

இரண்டு மாதத்தில் பதினான்கு வீடுகள். தேவதாஸ் பூஞ்சாக் ஆலாமை மறந்தார். இருசப்பனுக்கு வயிறு நிறைந்தது. வயிறு நிறைந்ததும் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"ஒரு யோசனை ரூபி," என்றார் ஒரு ஞாயிற்றுக்கிழமை. "அந்தப் பூச்சிக் கம்பெனி கஸ்டமரைப் பிடிக்குது. கூரை மேல ஏறுறது நான். கஸ்டமருக்கு யாரைத் தெரியும்? என்னை. மிச்சம் இருக்கிற என் நோட்டீசை வீட்டுக்கு ஒண்ணு குடுத்துட்டு வரப் போறேன். அடுத்த தடவை நேரா என்னைக் கூப்பிடட்டும். அவங்க வலை வீசட்டும், மீனை நான் அள்ளிக்கறேன்."

"அது தப்பில்லையா?"

"தொழில்."

"அந்தத் தவுக்கேக்குத் தெரிஞ்சா?"

"பூச்சிக்கு எப்படித் தெரியும்? சுங்கை பெசார்ல ஏசி ரூம்ல உக்காந்திருக்கும். எத்தனை வீடு போயிருக்கேன்? பதினாலு. பதினாலு நோட்டீஸ் எடு."

ரூபினி பதினான்கு எண்ணி, அழகாக மடித்தே கொடுத்தாள். மனைவியும் தன் பக்கம்தான் என்று இருசப்பனுக்கு மனம் குளிர்ந்தது. அந்த வாரமே பதினான்கு வீட்டுக்கும் போய், கூரை எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த பாவனையில் நோட்டீசைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் ஷஃபீகா கூப்பிட்டாள். சனிக்கிழமை பதினொரு மணிக்கு, சுங்கை பெசாரில் சைஃபுதீன் உணவகத்துக்கு வர வேண்டும். தவுக்கே நேரில் பார்க்க விரும்புகிறார்.

"பங்காளியாச் சேத்துக்கப் போறாங்க," என்றார் இருசப்பன் ரூபினியிடம். "நான் கைவிட்டுப் போயிடுவேன்னு பயம் வந்துடுச்சு."

ரூபினி நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "எனக்கும் சுங்கை பெசார்ல ஒரு வேலை இருக்கு. ஏத்திட்டுப் போங்க."

லோரி வயல்களுக்கு நடுவே போனது. வழி முழுக்க இருசப்பன் பெரிய மனிதர்களிடம் பேசும் முறையை விளக்கிக்கொண்டு வந்தார். முதலில் நாம் பேசக் கூடாது. அவர்களைப் பேசவிட வேண்டும். கண்ணைப் பார்க்க வேண்டும். ரூபினி கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

உணவகத்தில் காற்றாடிக்குக் கீழே இருந்த மேசையைப் பிடித்தார். எதிர் நாற்காலியைத் தானே துடைத்து வைத்தார். ரூபினி அதில் உட்கார்ந்தாள்.

"ரூபி, நீ அந்தப் பக்கம் போய் ரொட்டி சானாய் சாப்பிடு. இது தவுக்கே உக்கார்ற நாற்காலி."

"தெரியும். அதான் உக்காந்தேன்."

"விளையாடாத. அவங்க வர்ற நேரம்."

முக்காடு போட்ட ஒரு பெண் ஃபைலோடு வேகமாக உள்ளே வந்தாள். "மன்னிச்சுக்குங்க தவுக்கே. கார் நிறுத்த இடமே கிடைக்கல."

ஃபோனில் கேட்ட அதே சுத்தமான குரல். இருசப்பன் எழுந்து நின்று தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மீன் தொட்டி ஒன்று இருந்தது. ரூபினியைப் பார்த்தார். அவள் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் பேசவும் இல்லை.

இருசப்பன் மெதுவாக உட்கார்ந்தார்.

"ஷஃபீகாவும் நானும் கிளினிக்ல பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர்," என்றாள் ரூபினி. "மழை பெஞ்சா எந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு விடாம சளி பிடிக்கும்னு எங்களுக்குத் தெரியும். சுவர்ல ஈரம் இறங்குற வீடா இருக்கும். ஒவ்வொருத்தருக்கா கூப்பிட்டு விசாரிச்சோம். பிள்ளையைப் பத்தி முதல்ல, கூரையைப் பத்தி அப்புறம். கம்பெனியா முறையாப் பதிவும் பண்ணிட்டோம்."

ஷஃபீகா ஃபைலைத் திறந்து மேசைமேல் பரப்பினாள். பதினான்கு நோட்டீஸ். பதினான்கு இருசப்பன்கள் கறுப்புக் கண்ணாடியோடு கைகட்டி அவரையே பார்த்தார்கள்.

"கஸ்டமருங்களே எங்களைக் கூப்பிட்டுக் குடுத்துட்டாங்க," என்றாள் ஷஃபீகா. "'உங்க ஆளு நல்லா வேலை செய்யறாரு, ஆனா யாரோ ஒருத்தரோட நோட்டீசைக் குடுத்துட்டுப் போறாரு, கொஞ்சம் கண்டிச்சு வைங்க'ன்னாங்க."

"அதுல இருக்கிறது நான்தானே?"

"கண்ணாடி போட்டிருக்கீங்க. யாருக்கும் தெரியல."

இருசப்பனுக்குக் கோபம் வந்தது. சொந்த மனைவி. சொந்த வீடு. மடித்துக் கொடுத்த அதே கை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் ரூபி."

"பதினாறு வருஷமாச் சொன்னேன்," என்றாள் அவள். குரலில் கேலி இல்லை. "தேவதாஸ் வந்து பேசின அன்னிக்கு நீங்க ரெண்டாவது தோசையை வச்சுட்டு எழுந்தீங்க. அதைப் பாத்துக்கிட்டு என்னால சும்மா இருக்க முடியல. உங்க கைவேலையை யாரும் குறை சொன்னதில்லைங்க. உங்க வாய்க்குப் பயந்துதான் யாரும் கூப்பிடல."

இருசப்பன் கோபத்தைத் தேடிப் பார்த்தார், எங்கேயோ போய்விட்டிருந்தது. பதினான்கு வீடு. ஒரு புகார் இல்லை. பதினாறு வருஷத்தில் கொட்டகைக்காரர் ஒருவர்தான் அவருக்கு மீன் கொடுத்திருக்கிறார்.

இருசப்பன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தோற்றாலும் கௌரவமாகத் தோற்க வேண்டும்.

"சரி. நடந்தது நடந்து போச்சு. ரெண்டு கம்பெனியையும் ஒண்ணாச் சேத்துடுவோம். நான் மேனேஜரா இருந்து எல்லாத்தையும் பாத்துக்கறேன்."

ரூபினியும் ஷஃபீகாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷஃபீகா ஃபைலின் பின்பக்கத்திலிருந்து ஒரு படிவத்தை உருவி, பேனாவோடு அவர் முன்னால் வைத்தாள்.

"மேனேஜர் வேலைக்கு மனு போடணும், மிஸ்டர் இருசப்பன். எல்லாருக்கும் அதுதான் முறை."

இருசப்பன் பெயர் எழுதினார். வயது எழுதினார். விலாசம் என்ற இடத்தில், தவுக்கேயின் விலாசத்தையே எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது. 'கஸ்டமர்களிடம் பேசிப் பழகிய அனுபவம், வருடங்களில்' என்று போட்டிருந்தது. பதினாறு என்று எழுதப் போனார்.

ரூபினி எட்டிப் பார்த்தாள்.

"அது காலியாவே இருக்கட்டும்," என்றாள்.