கீழ்ப்பக்கத்துப் பெரிய டயர்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, மகள், மாப்பிள்ளை நால்வரும் சுகம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும், உங்கள் மூத்த மகளும், பிறந்த குழந்தையும் அதே போல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் எங்களை நம்பி விட்டுப்போன வீடு பத்திரமாக இருக்கிறது. குழாய் எதுவும் ஒழுகவில்லை. தபால்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். சுகம் என்று சொன்னதில் நீங்கள் ஏறி உட்கார்ந்து ஓட்டும் அந்தப் புல்வெட்டும் வண்டியைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதைப் பற்றி எழுதத்தான் மூன்று நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன்.

கிளம்பும்போது கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்து, "வண்டில பின்டயர் ரெண்டும் மொட்டையாயிடுச்சு. சரிவுல வழுக்கும். நீங்க கிட்டப் போகாதீங்க, நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொன்னீர்கள். தெளிவாகத்தான் சொன்னீர்கள். என் காதும் நன்றாகத்தான் கேட்டது. ஆனால் சம்பந்தி, கல்யாணம் பேசி முடித்த அன்று இருபது பேர் நடுவில் நீங்கள் சிரித்துக்கொண்டே, "எங்க சம்பந்தி கணக்குல புலி, ஆனா சைக்கிள் பஞ்சர்கூட ஒட்டத் தெரியாது" என்றீர்களே, அது மூன்று வருஷமாக என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னதுதான். உண்மையும்கூட. அதனால்தான் குத்துகிறது. நீங்கள் திரும்பி வரும்போது புல் ஒரே சீராக இருக்க வேண்டும், வண்டி புது டயரோடு நிற்க வேண்டும், நான் ஒன்றும் தெரியாதவன்போல் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் வரக் கூடாத ஆசை.

கோணமானியும் நூலும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் புல்தரைச் சரிவை அளந்தேன். பதினொரு டிகிரி. வண்டியைச் சரிவின் குறுக்கே ஓட்டினால் ஒரு பக்கச் சக்கரம் மேட்டிலும் மறுபக்கச் சக்கரம் பள்ளத்திலும் ஓடும், ஓட்டுகிறவர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்துகொண்டே போக வேண்டும். அப்படியானால் பள்ளத்துப் பக்கம் ஒரு பெரிய டயரைப் போட்டுவிட்டால் வண்டி நிமிர்ந்துவிடுமே, மேட்டுப் பக்கத்து மொட்டை டயர் தேய்ந்து குள்ளமாகிக் கிடப்பதும் நமக்கு நல்லதுதானே, அதை மாற்றவே தேவையில்லையே என்று தோன்றியது. இவ்வளவு எளிய விஷயம் டயர் செய்கிறவர்கள் ஒருவருக்கும் எட்டவில்லையே என்று எனக்குப் புல்லரித்தது. மொட்டை டயரின் ஓரத்தில் இருந்த எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, அதைவிட இரண்டு அங்குலம் பெரியதாக ஒரே ஒரு டயர் வாங்கக் கடைக்குப் போனேன்.

டயர்க்கடைக்காரர் நல்ல மனிதர். வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்து பொறுமையாகச் சொன்னார்: "சார், சரிவுன்னா பட்டன் ஆழமா இருக்கறதப் போடுங்க, அதுதான் மண்ணப் புடிக்கும். ஒரே அளவுல ரெண்டு. ஜோடியாத்தான் மாத்தணும். அப்புறம் குறுக்கால ஓட்டாதீங்க, மேலயும் கீழயுமா ஓட்டுங்க."

"ஒண்ணு போதும்," என்றேன்.

"ஒண்ணா? இன்னொண்ணுக்கு என்ன பண்ணுவீங்க?"

இந்த இடத்தில் நான் ஒரு பொய் சொன்னேன், சம்பந்தி. முப்பத்தொரு வருஷம் வகுப்பறையில் நின்று, பொய் சொன்ன பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவன், கூசாமல், "இதே அளவுல இன்னொண்ணு வீட்ல இருக்கு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "இப்படித்தான் சொல்றீங்க எல்லாரும்" என்று முணுமுணுத்துவிட்டு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். பழைய டயரைக் கழற்றிப் புதியதை மாட்டித் தந்ததும் அவருடைய ஆள்தான். நான் மாட்டினேன் என்று மகளிடம் சொன்னது இரண்டாவது பொய்.

வண்டியில் ஏறி, பெரிய டயர் பள்ளத்துப் பக்கம் இருக்கும்படி சரிவின் குறுக்கே சுவரிலிருந்து வேலிவரை போனேன். உண்மையைச் சொல்கிறேன், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தது போல அவ்வளவு சுகமாக இருந்தது. மகள் சன்னலிலிருந்து கை காட்டினாள். நானும் ஒரு கையை எடுத்துக் காட்டினேன். வேலி வந்தது. வண்டியைத் திருப்பினேன். திருப்பினால் பள்ளத்துப் பக்கம் இருந்த பெரிய டயர் மேட்டுப் பக்கம் போய்விடும் என்பது நான் பாதி திரும்பிய பிறகுதான் என் மூளையில் உறைத்தது. திசை மாறினால் குறி மாறும், கழித்தல் கூட்டலாகும் என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக் கொடுத்திருப்பேன். பதினொன்றில் இரண்டு குறைந்து ஒன்பதாக இருந்தது, ஒரே திருப்பத்தில் பதினொன்றும் இரண்டும் பதிமூன்றாகிவிட்டது. பதிமூன்றோடு ஒரு புது ஓட்டுநரையும் கூட்டினால் விடை ரோஜாப் பாத்தி. நான் மேட்டுப் பக்கம் குதித்தேன் என்று எழுத ஆசைதான், விழுந்தேன் என்பதே சரி. ஆள் சீட்டை விட்டால் இன்ஜின் நின்றுவிடும்படி செய்து வைத்தவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். வண்டி மட்டும் நிதானமாகப் புரண்டு, போன வருஷம் பூச்சி அரித்துவிட்டது என்று சம்பந்தியம்மா புதிதாக நட்ட ரோஜா வரிசையின் மேல் நாலு சக்கரத்தையும் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டது.

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, "மாமா, ஒரு டயர் பெருசா இருக்கே" என்றார். நான் குச்சியால் மண்ணில் படம் போட்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "போகும்போது சரிதான் மாமா. திரும்பி வரும்போது?" என்றார். பிறகு ஏதோ சொல்ல வந்து, அதை விழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நல்ல பையன் எனக்காகக் கோபத்தை அடக்குகிறானே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மகள் அப்படி விடவில்லை. "இந்த வீட்ல நான் தலை நிமிந்து நடக்க வேண்டாமாப்பா? மாமா வந்து கேட்டா நான் என்ன சொல்வேன்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். மூன்று நாளாகச் சாப்பாடு போடுகிறாள், பேச்சில்லை.

ஆகையால் சம்பந்தி, கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள், அவளிடம் கேட்காதீர்கள். சாவி என் கையில்தான் இருந்தது. கோணமானியும் என்னுடையதுதான். இனி அந்த வண்டியை விரலாலும் தொட மாட்டேன். சைக்கிள் பஞ்சர் விஷயத்தில் நீங்கள் சொன்னது முற்றிலும் சரி, வேண்டுமானால் அதே இருபது பேரையும் கூட்டி நானே சொல்கிறேன். இந்தக் கடிதத்தைச் சம்பந்தியம்மாவுக்கும் படித்துக் காட்டி, ரோஜாக்களுக்காக என் மன்னிப்பைத் தெரிவிக்கவும். குழந்தை நீடூழி வாழ ஆசிகள். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பான விசாரிப்புகள்.

தலை குனிந்து நிற்கும்,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தைச் சம்பந்தியம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன் சாவியை ஆணியில் மாட்டலாம் என்று கொட்டகைக்குப் போனேன். மூலையில் பழைய சாக்குகளுக்கு அடியில் ஒரு டயர் இருந்தது. ஒரே ஒரு டயர். வண்டியில் மிச்சமிருந்த மொட்டை டயரின் எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், அதைவிடச் சரியாக இரண்டு அங்குலம் பெரியது. பட்டன் தேயவே இல்லை, இடுக்கில் காய்ந்த ரோஜா முள் மட்டும் இருந்தது. மாப்பிள்ளையிடம் கேட்டேன். "அது போன வருஷம் அப்பா வாங்கினது. அம்மாவுக்குத் தெரியாது. என்னை விட்ருங்க மாமா" என்றார். பூச்சி எது என்று எனக்கு விளங்கிவிட்டது. இப்போது இரண்டு பெரிய டயரும் ஜோடியாக வண்டியில் இருக்கின்றன. மாப்பிள்ளை மேலும் கீழுமாக ஓட்டிப் பார்த்தார், வழுக்கவில்லை. மேலே கேட்டதில் பாதி மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் வந்ததும் ரோஜாவைப் பற்றி நான் பேச மாட்டேன். பஞ்சரைப் பற்றி நீங்களும் பேச வேண்டாம்.