மூன்று மணிக்கு உறைந்தவர்

லிஃப்ட்காரரின் வாய் பாதி திறந்திருந்தது. வலது கை அந்தரத்தில் நின்றது. கண் இமைக்கவில்லை. மாட்டிக்கொண்டவன் முகத்தில் ஈயாடாது என்பார்கள். இவர் மூக்கு நுனியிலோ ஒரு ஈ உட்கார்ந்து சாவகாசமாகக் கால் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஹலோ? ஹலோ? மறுபடியும் உறைஞ்சுட்டாரே!" செல்போன் திரையில் மேலாளர் அலுத்துக்கொண்டார். "மாசாந்திர அறிக்கை எங்கேன்னு கேட்டா மட்டும் கரெக்டா நெட் போயிடுது!"

அழைப்பு துண்டிக்கப்பட்டது. லிஃப்ட்காரர் ஈயை ஓங்கி அடித்தார். ஈ தப்பியது, மூக்கு சிவந்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவர் மேற்பார்வையாளர். எந்தக் கட்டடத்துக்கு எந்த மெக்கானிக் என்று வீட்டு மேஜையிலிருந்தே அனுப்பிவைப்பார். தினமும் மூன்று மணிக்கு மேலாளர் வீடியோவில் வந்து கேள்வி கேட்பார். பதில் இருந்தால் இவர் சொல்வார், இல்லையென்றால் சிலையாகிவிடுவார்.

இந்த வித்தையை அவர் கற்றுக்கொண்டதே மேலாளரைப் பார்த்துத்தான். டூஜி காலத்தில் இவர் லீவு கேட்டால், மறுமுனையில் மேலாளரின் குரல் கரகரவென்று தேய்ந்து மறையும். த்ரீஜி வந்தது, "லீவு" என்றதும் படம் இருண்டது. ஃபோர்ஜியில் மேலாளரின் முகம் அப்படியே உறைந்து நின்றது. கோளாறு தன் போனில்தான் என்று நம்பி, ஒவ்வொரு ஜி வரும்போதும் புதுப் போன் வாங்கினார். லீவுதான் கிடைத்தபாடில்லை. ஆனால் அந்த உறைந்த முகத்தைப் பார்த்தபோது, 'அட, இது நமக்கும் உதவுமே' என்று பொறிதட்டியது.

அந்தப் பிழைப்பிலும் இன்று மண் விழுந்தது. எதிர் மாடியில் ஃபைவ்ஜி கோபுரம் வந்து ஒரு வாரமாகிறது. கையோடு, தலைமை அலுவலகம் அனுப்பிய புதுப் போனும் இப்போது வாசலில் வந்து இறங்கியது.

பார்சலைப் பிரித்தது அவர் மனைவி.

"இதோ பாருங்க, வெள்ளிக்கிழமை அக்கா வீட்ல எல்லாரும் கடலுக்குக் கிளம்பறாங்க. கல்யாணமான புதுசுல என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன அதே கடல். இன்னிக்கே லீவு கேட்டாகணும். இல்லேன்னா நான் அவங்களோட போயிடுவேன். நீங்களும் உங்க சிக்னலும் வீட்டைக் காவல் காத்துக்கிட்டுக் கிடங்க."

"நான் கேக்காமலா இருக்கேன்? கேட்டா அவர் பக்கம் நெட் போயிடுதே!"

"அதான் புதுப் போன் வந்தாச்சே. இன்னும் என்ன நோவு?"

லீவு கேட்கப் புதுப் போனில் அழைத்ததும் மேலாளர் பளிச்சென்று தெரிந்தார். அவர் மூக்குக்கண்ணாடியில் இருந்த கைரேகைகூடத் தெரிந்தது.

"ஆஹா, இப்ப சொல்லுங்க. அறிக்கை எங்கே?"

பழக்கதோஷம். லிஃப்ட்காரர் உறைந்தார்.

"என்னய்யா இது? நீங்க உறைஞ்சுட்டீங்க, பின்னாடி ஃபேன் சுத்துதே?"

பதில் சொன்னால் குட்டு உடையும். விரல் மட்டும் ஊர்ந்துபோய் அழைப்பைத் துண்டித்தது.

ஃபேனை நிறுத்திவிட்டு மறுபடி அழைத்தார், மறுபடி உறைந்தார். வெயில் நேரம். நெற்றியில் முளைத்த வேர்வை புருவத்தைத் தாண்டி, கன்னத்தில் இறங்கி, தாடையில் தொங்கியது.

"வேர்வை ஓடுதே!" என்றார் மேலாளர்.

மறுபடியும் துண்டித்தார். ஃபேன் சுற்றினால் காட்டிக்கொடுக்கும், நின்றால் வேர்வை காட்டிக்கொடுக்கும். ஆகவே ஃபேனை ஓடவிட்டு, அதை மறைக்கப் போர்வை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நாற்காலிமேல் ஏறி நிற்கும்படி மனைவியைக் கெஞ்சினார்.

"ஒரு அறிக்கை எழுதறதைவிட இது சுலபமா போச்சு, இல்ல?" என்றபடி அவள் ஏறினாள்.

மூன்றாம் முறை அழைத்து உறைந்தார். ஃபேன் காற்றில் போர்வை பாய்மரம்போல உப்பியது. அவள் கை தளர்ந்தது. போர்வை சரிந்து லிஃப்ட்காரரின் தலையை மூட, நாற்காலிமேல் நின்ற மனைவி மட்டும் திரையில் தெரிந்தாள்.

"வணக்கம் சார்," என்றாள்.

போர்வைக்குள்ளிருந்து லிஃப்ட்காரர் தலையை நீட்டினார். "அறிக்கை இன்னும் எழுதலை சார். நெட் எல்லாம் நல்லாத்தான் இருந்தது."

மேலாளர் கொதித்தார். "இத்தனை நாளா நடிப்பா? வெட்கமாயில்ல? தெரியலேன்னா தெரியலேன்னு முகத்துக்கு நேரா சொல்லணும்யா! நெட்டு மேல பழியைப் போட்டு ஒளியறது ஒரு பிழைப்பா? மனுஷனுக்கு நேர்மை வேணும்!"

"வேணும் சார். நாளைக்குள்ள அறிக்கை உங்க மேஜையில இருக்கும்."

முதுகில் மனைவியின் விரல் குத்தியது.

"அப்புறம் சார்... வெள்ளிக்கிழமையிலேர்ந்து நாலு நாள் லீவு வேணும்."

மேலாளரின் வாய் பாதி திறந்திருந்தது. வலது கை அந்தரத்தில் நின்றது.

"போச்சுடா! அவர் பக்கம் போயிடுச்சு," என்று லிஃப்ட்காரர் தலையில் கைவைத்தார். "ஃபைவ்ஜியும் இவ்வளவுதான். இரு, ஒருதடவை ஆஃப் பண்ணிப் பாக்கறேன்."

"கொஞ்சம் பொறுங்க," என்று மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

மேலாளருக்குப் பின்னால் கதவு திறந்தது. ஆபீசில் டீ கொடுக்கும் அம்மாள் வந்து அவர் முழங்கையருகே கோப்பையை வைத்தாள். ஆவி பறந்தது. குனிந்து திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார், இவர் மறுபடியும் லீவு கேட்டுட்டாரா? டீ ஆறிடும், குடிச்சுட்டு அப்புறமா சிலையாகுங்க."