கார் ஷெட்டுக்குள் மாமனாரும் நானும்

வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுகிறவனுக்கு, கார் வாங்கியதும் தானே ஒரு இன்ஜினியர் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. (காய்ச்சலாக வந்திருந்தால் மாத்திரை போட்டிருக்கலாம்.)

கோவில்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு கார் நிற்கும் அளவுக்குக் காலி இடம் கிடந்தது. அதில் ஷெட் போடப்போகிறேன் என்றதும், விளாத்திகுளத்தில் வத்தல் வியாபாரம் பார்க்கும் என் மாமனார் சொன்னார்: "மாப்ள, ஒரு இன்ஜினியர்ட்ட கேட்டுக்கிடுங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனிதர் என்னை ஒரு தடவைகூடப் பாராட்டியதில்லை. குறை சொன்னதும் இல்லை. ஆனால் 'மாப்ளைக்கு விவரம் பத்தாது' என்று சொல்லாமல் சொல்லும் ஒரு மௌனம் அவரிடம் உண்டு. இந்த ஷெட்டைக் காட்டி அவர் வாயிலிருந்து ஒரு 'பரவாயில்லையே' வாங்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

கரிசல் மண்ணில் கட்டடம் கட்டுகிறவனுக்குக் கவலையெல்லாம் காலுக்குக் கீழேதான். மழைக்கு அந்த மண் உப்பும், வெயிலுக்குக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், சிமென்ட் தரையை அப்பளமாக நொறுக்கும். ஆகவே கரிசலை ஆழமாக வெட்டி எடுத்துவிட்டு, சரள் நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டேன். "காரு நிப்பாட்டவா, பிளேன் எறக்கவா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி.

மிச்சமிருந்த மூளையைச் சுவருக்குச் செலவழித்தேன். என் மனைவி செல்விக்குச் சாமான் வைக்க இடம் வேண்டும். சீர் பாத்திரங்கள், பழைய கிரைண்டர், அவள் அப்பா வருஷா வருஷம் அனுப்பும் வத்தல் மூட்டை. இரண்டு பக்கச் சுவரிலும் கீழிருந்து மேல்வரை கடப்பாக்கல் பலகைகள் பதித்தேன். நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று காரை டேப் வைத்து அளந்தேன். பக்கக் கண்ணாடிகளை மடக்கி, கதவுகளைச் சாத்தி, துல்லியமாக அளந்தேன். (கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எவனாவது காரை அளப்பானா?)

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராகுகாலம் பிறப்பதற்குச் சற்று முன்னால். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள், கடம்பூர் போளி வந்திருந்தது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாமாவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, காரை உள்ளே விட்டேன். ஒரு பக்கமும் உரசாமல் போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். மாமாவின் உதடுகள் 'பரவாயில்லையே'யின் முதல் எழுத்துக்காக ஒட்டியதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தேன். நாலு விரல் அளவு திறந்து கடப்பாக்கல்லில் 'டொக்' என்றது. மாமா பக்கமும் 'டொக்'.

"ஒண்ணுமில்ல மாமா. கொஞ்சம் பின்னால எடுத்துட்டு எறங்கிருவோம்."

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ராகுகாலம் பெறந்துட்டு மாப்ள. நல்ல நேரத்துல ஏறுன வண்டிய இப்ப வெளிய எடுக்கப்பிடாது."

"அப்பம் ஆறு மணி வரைக்கும்?"

"இருப்போம்."

இருந்தோம். அண்ணாச்சி பின்னால் வந்து எட்டிப் பார்த்து, "என்ன, எறங்கலையா? உள்ள ஏசி சொகமா இருக்கோ?" என்றார். விஷயம் புரிந்ததும் செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் அந்தப் பூமி பிளக்காது. அப்படி இடித்துப் போட்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமா நெளிய ஆரம்பித்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. போதாததற்கு, வெயிலில் வந்த களைப்பில் ஒரு சொம்பு மோர் வேறு குடித்திருந்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"வண்டிதான் வெளிய போகப்பிடாது. ஆளு போகலாம்."

"எப்படி மாமா?"

அவர் மெல்லத் திரும்பிப் பின்னாலிருந்த டிக்கியைப் பார்த்தார்.

ஹாரன் அடித்துச் செல்வியைக் கூப்பிட்டேன். அவள் டிக்கியைத் திறந்து பின்சீட்டை மடக்கிவிட்டாள். மாமா முன்சீட்டுகளுக்கு நடுவே தலையைக் கொடுத்துத் தவழத் தொடங்கினார். பாதி வழியில் வேட்டி ஹேண்ட் பிரேக்கில் மாட்டிக்கொண்டது. நின்று எடுக்கிற நிலையில் மாமா இல்லை. வேட்டியை விட்டுவிட்டுப் போனார். என் அக்கா வீட்டார் உட்பட அத்தனை பேர் முன்னாலும், கோடு போட்ட அண்டிராயரோடு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மூஞ்சி தரையில் படத் தலைகீழாக இறங்கி, எழுந்து வீட்டுக்குள் ஓடினார். அவர் வேட்டியைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே நானும் தவழ்ந்து வந்தேன். போளி தின்றுகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் புரையேறியது.

இன்று அந்த ஷெட்டில் வத்தலும் கிரைண்டரும் சௌகரியமாக இருக்கின்றன. கார் வெளியே வேப்பமரத்தடியில், காக்கா எச்சத்தோடு நிற்கிறது. நான் எந்த யோசனை சொன்னாலும், "டிக்கி வழியா எறங்கணுமாப்பா?" என்று கேட்கிறாள் என் மகள்.

ஆனால் நான் கேட்டது கிடைக்காமல் போகவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் மாமா ஷெட்டுக்குக் கூட்டிப்போய், "தரையப் பாருங்க, ஒரு கீறல் கெடையாது. மாப்ள போட்டது" என்கிறார். வந்தவர் சும்மா தலையாட்டினால் அவர் விடுவதில்லை.

"நான் மூஞ்சிய வச்சுப் பாத்துருக்கேன்லா."